மண்ணில் தாட்டு எடுத்த போர்க்காலக் கடிதங்களை என்ன செய்வது?

வன்னியிலுள்ள விசுவமடுவிலிருந்து கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது. விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்த அண்ணா 1997 முதல் 2008 வரை வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. 2009 ஜனவரியில் இடம்பெயரும்போது உரப்பைக்குள் சுற்றி, பிளாஸ்ரிக் கானில் போட்டு, வளவில் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மீள்குடியேறிய பிறகு கிண்டி எடுத்து றங்குப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சில ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, சிலவற்றில் பூஞ்சணம், பாதிக்குமேல் திகதியே இல்லை. "எல்லாத்தையும் லமினேற் பண்ணட்டோ?" என்று அம்மா கேட்கிறார்.

லமினேற் பண்ண வேண்டாம். இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மற்றதை ஆறுதலாகச் செய்யலாம். அந்த மெசினுக்குள் நூறு பாகைக்கு மேல் சூடு இருக்கும். உருகிய பிளாஸ்ரிக் தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. மண்ணுக்குள் இருந்த காலத்தில் ஏறிய ஈரமும் கொப்பித் தாளில் இயல்பாகவே உள்ள அமிலமும் உள்ளே அடைபட்டு, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தாள் மண்ணிறமாகப் போகும். அதேபோல் செலோரேப் ஒட்டக்கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகி, தாளுக்குள் ஊறி, எழுத்தையும் கரைத்துவிடும். ஏற்கெனவே ஒட்டிய பழைய ரேப் இருந்தால் இழுத்து உரிக்காமல் அப்படியே விடுங்கள். தானாகக் கழன்றதை மட்டும் எடுக்கலாம். மங்கிய எழுத்தின்மேல் பேனையால் திரும்ப எழுதுவதும் பல வீடுகளில் அன்பினால் நடக்கிற பிழை. அப்படிச் செய்த பிறகு அது அவருடைய கையெழுத்து அல்ல.

முதல் வேலை இருக்கிறபடியே படம் எடுப்பது. கட்டை அவிழ்க்க முதல் கட்டோடு ஒரு படம், மடிப்போடு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், கடிதத்தைச் சுற்றியிருந்த பையையும் சேர்த்து. எந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே பிறகு திகதி கணிக்க உதவும். அம்மா வந்த ஒழுங்கில் அடுக்கியிருந்தால் அந்த ஒழுங்கு ஒரு சாட்சி. எச்பி அல்லது 2பி பென்சிலால், ஒவ்வொரு தாளின் பின்பக்கக் கீழ் மூலையில், எழுத்தில்லாத இடத்தில் மெல்லிதாக இலக்கம் இடுங்கள்: 1, 2, 3. ஒரு கடிதத்தில் மூன்று ஒற்றை இருந்தால் 4அ, 4ஆ, 4இ. பேனை, ஸ்ரிக்கர், ஸ்ரேப்பிளர் எதுவும் வேண்டாம். பழைய ஸ்ரேப்பிள் கம்பி, குண்டூசி இருந்தால் துருப் பிடித்திருக்கும். கம்பியை இழுக்காமல், அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் துண்டை வைத்துக்கொண்டு கால்களை நிமிர்த்தி மேலாக எடுங்கள்.

இந்த வேலைக்குச் சோழகக் காலம்தான் நல்லது. மே முதல் செப்ரெம்பர் வரை வன்னியில் காற்றில் ஈரம் குறைவு. ஆனால் புழுதியும் காற்றும் பலம், ஆகவே யன்னல் சாத்திய அறைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மாரியில், ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை, கட்டைத் திறக்கவே வேண்டாம். ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் திரும்ப உயிர்க்கும். நனைந்த தாளில் அது பிடிக்க இரண்டு நாள் போதும்.

பூஞ்சணம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, சிறு தூரிகையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, பசையாக, தேய்த்தால் இழுபட்டால் உயிரோடிருக்கிறது. தூளாக உதிர்ந்தால் உறங்குகிறது. ஈரமாக இருப்பதைத் துடைத்தால் நாருக்குள் அரைபட்டு நிரந்தரக் கறையாகும். முதலில் நிழலில், வெள்ளைத் துணிமேல் ஒற்றை ஒற்றையாகப் பரப்பி உலரவிட வேண்டும். வெயிலில் போடக்கூடாது, மை வெளிறும், தாள் சுருளும். காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே, காற்று உங்களை விட்டு அப்பால் போகும் பக்கமாக நின்று, மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிவிடுங்கள். நீர்வர்ணம் தீட்டுகிற ஒன்றரை அங்குலத் தூரிகை நல்லது. மூக்கை மூட என்95 முகக்கவசம் வேண்டும், துணி போதாது. ஆஸ்மா உள்ளவர் இந்த வேலையில் நிற்கவே கூடாது. டெற்றோல், ஸ்பிரிற், வினாகிரி எதையும் தெளிக்காதீர்கள். பால்பொயின்ற் மை தண்ணீருக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஸ்பிரிற் பட்டால் ஒரு நொடியில் பரவிவிடும். கறை இருந்தால் இருக்கட்டும், எழுத்து போகக்கூடாது.

கடிதத்தை விரிப்பதற்கு முன் மையைச் சோதிக்க வேண்டும். போர்க்காலத்தில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு எழுதினார்கள். நீலப் பால்பொயின்ற்தான் கூடுதல். மைப்பேனை, மார்க்கர், பென்சில், 2002இல் கண்டி வீதி திறந்த பிறகு ஜெல் பேனையும் வரும். காது துடைக்கிற பஞ்சுக்குச்சியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு முற்றுப்புள்ளியின்மேல் இரண்டு நொடி வையுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தக் கடிதத்துக்கு ஈரம் காட்டக்கூடாது, மடித்தபடியே வைத்து எட்டிய அளவுக்குப் படமெடுங்கள். பென்சில் எழுத்துக்குத் தண்ணீரால் பயமில்லை, உரசலால்தான் பயம்.

நிறம் ஏறாதவற்றை இப்படி விரிக்கலாம். மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றின் அடியில் நனைத்துப் பிழிந்த துவாயை விரியுங்கள். அதன்மேல் பிளாஸ்ரிக் வடி ஒன்றைக் கவிழ்த்து, வடியின்மேல் மடித்த கடிதத்தை வையுங்கள். மூடியின் உட்பக்கத்தில் காய்ந்த பருத்தித் துணி ஒன்றை ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூடியில் வியர்த்த துளி கடிதத்தில் விழும். மூடி, அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள். இரண்டிலிருந்து நான்கு மணித்தியாலத்தில் தாள் விறைப்பு விட்டு, பழைய துணிபோலக் குழையும். இரவு முழுக்க விட்டால் பூஞ்சணத்துக்குச் சோறு போட்ட மாதிரி. குழைந்ததும் எடுத்து, மடிப்பை ஒவ்வொன்றாகத் திறந்து, அச்சில்லாத வெள்ளைத் தாள்கள் இரண்டின் நடுவில் வைத்து, மேலே கண்ணாடித்தட்டும் அதன்மேல் ஒரு கிலோ பாரமும் ஏற்றுங்கள். ஒரு மணித்தியாலத்தில் வெள்ளைத் தாளை மாற்றி, பிறகு மறுநாள் வரை விடுங்கள். பத்திரிகைத் தாள் பாவிக்கக்கூடாது, அச்சுமை ஏறும்.

கட்டியாக ஒட்டியவற்றை ஈரமாக்கிப் பிரிக்க முயலாதீர்கள். காயவிட்டு, தென்னை ஈர்க்கு ஒன்றைச் சப்பையாகச் சீவி, நுனியை உரஞ்சுதாளில் தேய்த்து மழுங்கவைத்து, ஓரத்திலிருந்து மிக மெதுவாக உள்ளே விடுங்கள். தடுக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு மறுபக்க ஓரத்தால் வாருங்கள். ஒரு கட்டிக்கு ஒரு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில் பலர் எறிந்துவிடுகிற ஒன்று இருக்கிறது: கடிதத்தோடு ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் உறை. அடையாள அட்டைக்குப் போடுகிற, வழுவழுப்பான, மணமடிக்கிற பிவிசி உறைகள் பால்பொயின்ற் மையைத் தாளிலிருந்து இழுத்துத் தமக்குள் எடுத்துக்கொள்ளும். பிளாஸ்ரிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளில் மை கரைவதுதான் காரணம். தாளில் வெறும் நிழலாக இருக்கிற வரி, உறையில் இடம்வலம் மாறிய கண்ணாடி எழுத்தாகத் தெளிவாகக் கிடக்கலாம். உறையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் படமெடுத்து, கைத்தொலைபேசியில் படத்தைத் திருப்பிவிட்டால் வாசிக்கலாம். உறைக்கும் கடிதத்தின் இலக்கத்தையே இட்டு, ஆனால் வேறாக வையுங்கள்.

மடிப்பில் கிழிந்து துண்டானவற்றை ஒட்டியே ஆகவேண்டும் என்றில்லை. துண்டுகளை ஒழுங்குப்படி ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, மேலே இன்னொரு தாளை மடித்து மூடினால் போதும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் யப்பானிய மென்தாளும் கோதுமை மாப்பசையும்தான் உரியவை, பிறகு நனைத்து எடுத்துவிடலாம். கடைப் பசை எடுபடாது. பசைக்குக் கோதுமை மாவை அப்படியே காய்ச்சக்கூடாது. மாவைப் பிசைந்து, பச்சைத் தண்ணீரில் கழுவி, சவ்வுப்பிடி (குளூட்டன்) கையில் நிற்க, பால்போல இறங்குகிற தண்ணீரை ஒரு இரவு தெளியவிட்டு, அடியில் படிகிறதை மட்டும் எடுங்கள். அதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் இருபது நிமிடம் கைவிடாமல் கிண்டி, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். அந்தச் சவ்வுப்பிடிதான் தாளை மஞ்சளாக்கிப் பூச்சியையும் கூப்பிடுகிறது. இரண்டு நாளுக்குமேல் வைத்துப் பாவிக்கக்கூடாது. யப்பானியத் தாள் கிடைக்காவிட்டால் ஒட்டாமல் விடுங்கள், அதுவே மேல்.

படியெடுப்பதற்கு ஸ்கானர் இருந்தால் நிறப்படமாக, 400 டிபிஐ, பென்சில் கடிதத்துக்கு 600. கறுப்புவெள்ளையாக எடுத்தால் எது மை, எது கறை என்று பிறகு தெரியாது. டிஃப் கோப்பாக ஒரு பிரதி, பார்ப்பதற்கு ஜேபெக் ஒன்று. தாளை உருளைக்குள் இழுக்கிற போட்டோக்கொப்பி மெசினில் வைக்கவே கூடாது. கைத்தொலைபேசி மட்டும் இருந்தால், காலையில் வெயில் நேரே விழாத யன்னலருகே கடிதத்தை வைத்து, இரண்டு பக்கமும் சம உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி, அவற்றின் குறுக்கே இரண்டு அடிமட்டம் போட்டு, தொலைபேசியை அதன்மேல் கிடத்துங்கள். கையில் பிடித்தால் ஒரு மூலை மங்கும். தாளின் நான்கு மூலையும், பக்கத்தில் ஒரு அடிமட்டமும் படத்தில் விழவேண்டும். எழுதாத பின்பக்கத்தையும் எடுங்கள். வட்சப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும்.

வாசிக்க முடியாத வரிகளுக்கு இரண்டு வழி. ஒன்று, அறையை இருட்டாக்கி, ரோர்ச் லைற்றைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்து ஒரு பக்கத்தால் மட்டும் அடிப்பது. பால்பொயின்ற் அழுத்தி எழுதிய தடம் பள்ளமாகத் தெரியும், மை முழுக்கப் போயிருந்தாலும் தெரியும். கொப்பியில் வைத்து எழுதியிருந்தால் முதல் ஒற்றையில் எழுதியதன் தடம் அடுத்ததிலும் விழுந்திருக்கும். அனுப்பாமல் கிழித்த ஒரு கடிதத்தின் தடம்கூட அப்படி அகப்படலாம். மற்றது, படத்தைக் கிம்ப் போன்ற மென்பொருளில் திறந்து சிவப்பு சனலை, அதாவது படத்தின் சிவப்பு நிற அடுக்கை, மட்டும் பார்ப்பது. நீலமை சிவப்பு ஒளியை விழுங்குவதால் கறுப்பாக நிற்கும். மஞ்சள், மண்ணிறக் கறை சிவப்பை விட்டுவிடுவதால் மறைந்துபோகும்.

தாளில் எண்ணெய் வட்டம்போல ஒளி ஊடுருவுகிற புள்ளிகளும் கரிப்புகையும் இருந்தால் அவற்றைச் சுத்தம் செய்யாதீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெய் எவ்வளவு அருமையென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சில துளி எண்ணெயும் விட்டு எரித்த விளக்கடியில் எழுதிய கடிதம் என்பதற்கு அந்த வட்டம்தான் அத்தாட்சி.

இனித் திகதி. இதில்தான் பொறுமை அதிகம் வேண்டும், பலனும் அதிகம். போராளிகளின் கடிதங்களில் இடப்பெயர் அநேகமாக இராது, "இஞ்ச", "நாங்கள் இருக்கிற இடத்தில" என்றுதான் வரும். கடிதம் பிடிபட்டால் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பதற்காக. பல தபாலில் வராமல் ஆள் கையில் வந்தவை, ஆகவே தபால் முத்திரையும் இல்லை. உறையில் முத்திரை இருந்தால் அதை உரித்தெடுக்காமல் வெளிச்சத்தைச் சாய்த்துப் படமெடுங்கள். குறியீட்டில் தபாலகத்தின் பெயரும் நாளும் இருக்கும். செஞ்சிலுவைச் சங்கப் படிவமாக இருந்தால் அது மூடாத கடிதம், குடும்பச் செய்தி மட்டுமே எழுத அனுமதி. அதில் ஒன்றும் இல்லை என்று தோன்றினால் அண்ணாவிடம் எழுத ஒன்றும் இருக்கவில்லை என்று எடுக்காதீர்கள். 1995-96இல் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் போன பிறகு, வன்னியிலிருந்த பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்த தாய்தகப்பனுக்கும் இடையில் அந்தப் படிவம் பெரிய ஆறுதல்.

திகதி கணிக்க ஒரு மாதிரி பாருங்கள். கடிதத்தின் தலைப்பில் "12.06 வியாழன்" என்று மட்டும் இருக்கிறது, வருடம் இல்லை என்று வைப்போம். ஜூன் 12 வியாழக்கிழமையாக வந்தது, நீங்கள் சொல்லும் காலத்துக்குள் 1997, 2003, 2008 ஆகிய மூன்று வருடங்களில் மட்டுமே. இனி உள்ளே தேடுங்கள். "பழைய நேரம் ஆறு மணிக்கு" என்று ஒரு வரி வந்தால் 2008 விழுந்துவிடும். 1996 மேயில் அரசு மணிக்கூட்டை முன்னுக்கு நகர்த்தியபோது இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் அரசும் பழைய நேரத்துக்கே திரும்பியதால் அந்தப் பேச்சு தேவையற்றுப் போனது. மிஞ்சியது 1997உம் 2003உம். 1997 ஜூன் என்றால் வன்னியில் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி ஒரு மாதம். மே 13ஆம் திகதி தொடங்கியது. அப்போது வீட்டாரை யாழ்ப்பாணம் போய்வந்தீர்களா என்று கேட்க முடியாது. "கண்டி வீதியால போய் அம்மம்மாவைப் பாத்தனீங்களோ?" என்று எழுதியிருந்தால் அது 2002 ஏப்ரலில் முகமாலைப் பாதை திறந்த பிறகு, 2006 ஓகஸ்டில் மூட முதல். ஆகவே 2003. இரண்டு வரியும் ஒரு கிழமையின் பெயரும் ஒரு வருடத்தைத் தந்துவிட்டன.

இதைவிட நல்ல சாட்சி நீங்கள்தான். "தங்கச்சி இப்ப ஒன்பதாம் ஆண்டுதானே, கணக்கை விடாமப் படி" என்று எழுதியிருந்தால், நீங்கள் ஒன்பதாம் ஆண்டு படித்தது எந்த வருடம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூட வருடம் ஜனவரியில் தொடங்குவதால் கணக்கு எளிது. பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து வேறு வளவில் நடந்ததைப் பற்றிய வரி, வீட்டில் பசு கன்று போட்டது, அப்பா கூரை மேய்ந்தது, மாமாவின் கலியாணம் என்று வீட்டுச் சங்கதி எதையும் விடாமல் குறியுங்கள். ஊர்ச் சங்கதியும் உதவும். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில் திங்கட்கிழமை வரும். மடுத் திருவிழா என்றால் ஜூலை 2 அல்லது ஓகஸ்ட் 15ஐ ஒட்டியது. மடு மாதாவை தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வந்தால் 2008 ஏப்ரலுக்கு முந்தியதல்ல. சிக்குன்குனியா என்ற சொல் வந்தால் 2006 கடைசிக்கு முந்தியதல்ல. வெறும் மலேரியாக் காய்ச்சல் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வன்னியில் அது ஆண்டாண்டாக இருந்தது. கடல் ஊருக்குள் வந்ததென்றால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. நாட்கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கடிதங்கள் உண்டு. அதில் அச்சிட்ட நாள் எழுதிய நாள் அல்ல. கிழித்த தாளைச் சேர்த்து வைத்துப் பல மாதம் கழித்தும் எழுதுவார்கள், தாள் அவ்வளவு தட்டுப்பாடு. "இந்த நாளுக்கு முந்தியதல்ல" என்று மட்டும் அதை வைத்துச் சொல்லலாம். கணித்த திகதியை ஒருபோதும் கடிதத்தில் எழுதாதீர்கள். தனிக் கொப்பியில், கணித்த காரணத்தோடு எழுதுங்கள், நாளைக்குப் பிழை என்று தெரிந்தால் திருத்தலாம்.

படித்து எழுதும்போது உள்ளது உள்ளபடி. "வந்தனான்", "எத்தினை", "சுகமாய் இருக்கிறன்" என்பதைச் செந்தமிழாக்க வேண்டாம். எழுத்துப்பிழை அவருடையது, அதுவும் நிற்கட்டும். வெட்டி எழுதியிருந்தால் வெட்டியதையும் எழுதுங்கள். வாசிக்க முடியாத சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். "நான் நல்ல சுகம், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று எல்லாக் கடிதமும் ஒரே மாதிரித் தொடங்குகிறது, இதை ஏன் திரும்பத் திரும்ப எழுதுவது என்று சலிப்பு வரும். விடாமல் எழுதுங்கள். பத்துக் கடிதத்தில் அந்த வரி ஒரே மாதிரி வந்து, பதினோராவதில் "இப்ப சுகம்" என்று மாறியிருந்தால், அந்த "இப்ப" ஒரு காயத்தையோ காய்ச்சலையோ மறைத்து நிற்கலாம். கையெழுத்தையும் அதேபோல் பாருங்கள். வழக்கமாக நேர்கோட்டில் எழுதுகிறவரின் வரி ஒரு கடிதத்தில் மட்டும் சரிந்திருந்தால், அல்லது கையெழுத்தே வேறாக இருந்து கீழே ஒப்பம் மட்டும் அவருடையதாக இருந்தால், வேறொருவர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கலாம்.

2007, 2008 காலக் கடிதங்களில் இயக்கத்துக்குக் கட்டாயமாகக் கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றியோ, வீட்டுக்கு விடச்சொல்லிக் கேட்ட கெஞ்சலோ வரலாம். அந்த வரியை மறைக்கவும் வேண்டாம், தனியே பிடுங்கிக் காட்டவும் வேண்டாம். கடிதம் முழுவதும் ஒன்றாக நிற்கட்டும்.

வைக்கும் பெட்டியைப் பற்றி. றங்குப்பெட்டி தகரக் கூரையின் கீழ் பகலில் சுட்டு இரவில் குளிரும்போது உள்ளே வியர்க்கும். உங்கள் பூஞ்சணத்துக்கு மண்ணை விட அதுவே காரணமாக இருக்கக்கூடும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாறுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் நல்லது, 3 என்று இருந்தால் அதுதான் மையை இழுக்கிற பிவிசி. ஒவ்வொரு கடிதத்தையும் விரித்தபடி, மடித்த வெள்ளைத் தாளுக்குள் தனியே வையுங்கள். பத்து லீற்றர் பெட்டிக்கு ஈரம் உறிஞ்சுகிற செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல் 100 கிராம், துணிப்பையில் கட்டி, கடிதத்தில் தொடாமல் ஓரத்தில் வையுங்கள். அதன் நிறம் மாறியதும் வெதுப்பியில் 110 பாகையில் இரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். வறுத்த அரிசி போடுகிற பழக்கம் இருக்கிறது, அது வண்டைக் கூப்பிடும். பூச்சி உருண்டையின் ஆவி பிளாஸ்ரிக்கையும் படத்தையும் கெடுக்கும், ஆளுக்கும் கூடாது. வேப்பிலை பச்சையாகப் போட்டால் ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும். கறையானுக்கு ஒரே வழி பெட்டியை நிலத்திலும் சுவரிலும் தொடாமல் வைப்பது: மேசைமேல், சுவரிலிருந்து அரை அடி தள்ளி, மேசைக்கால்களைக் கழிவு ஒயில் விட்ட தகரப்பேணிகளில் நிறுத்தி. மாதம் ஒருமுறை மேசைக்கால்களைப் பாருங்கள். பூச்சி ஏற்கெனவே இருந்தால், நன்கு காய்ந்த கடிதங்களைக் காற்றுப் புகாத பையில் இட்டு ஆழ்குளிர்பெட்டியில் மறை 18 பாகையில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும்.

படிகள் மூன்று இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று வேறொரு ஹார்ட் டிஸ்கில், ஒன்று வெளிநாட்டிலுள்ள உறவினரிடம். அம்மாவுக்கு நல்ல தடித்த தாளில் அதே அளவில் நிறப்பிரதி எடுத்துக் கொடுங்கள். அதை அவர் தலைமாட்டில் வைக்கட்டும், லமினேற்றும் பண்ணட்டும், தவறில்லை. சுவரில் மாட்டுவதும் பிரதியாகவே இருக்கவேண்டும்.

வெளியே பகிர முன் இரண்டு விடயம். கடிதத்தில் வருகிற மற்றப் பிள்ளைகளின் பெயர், இயக்கப் பெயர், அடையாளத் தகட்டு இலக்கம் உயிரோடிருக்கிற ஒருவரை இன்றைக்கும் சிக்கலில் விடலாம். இயக்கச் சின்னமோ சீருடைப் படமோ உள்ளதை முகநூலில் போட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முழுப் பிரதி வீட்டுக்கு, பெயர் மறைத்த பிரதி வெளிக்கு. நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகம் ஒன்றுக்குக் கொடுப்பதானால் எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்று எழுத்தில் பேசிக்கொண்டு கொடுங்கள். காணாமற்போனோர் அலுவலகமோ ஆணைக்குழுவோ கேட்டாலும் பிரதியைத்தான் கொடுக்க வேண்டும், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொண்டு. மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வளவு கிண்டும்போது, பழைய பங்கரில், சிங்களத்தில் எழுதிய கடிதம் கிடைத்தவர்களும் இதையே செய்யலாம். அது இன்னொரு தாயின் பிள்ளை வீட்டுக்கு எழுதி அனுப்ப முடியாமல் போனதாகவோ, வீட்டிலிருந்து அவனுக்கு வந்ததாகவோ இருக்கும். முல்லைத்தீவிலும் ஆனையிறவிலும் காணாமற்போன படையினரின் தாய்மாரும் காத்திருக்கிறார்கள். எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து, செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகச் சேர்ப்பிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல், பெட்டியைத் திறக்கிற நாளுக்குக்கூடக் காத்திராமல், அம்மாவுடன் இருந்து ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு கடிதம், அரை மணித்தியாலத்துக்குமேல் வேண்டாம், அவர் களைத்தால் நிறுத்திவிடுங்கள். படமெடுத்தாகிவிட்ட கடிதமென்றால் முதலில் அதன் படத்தைக் கையில் கொடுத்து அவரையே வாசிக்கவிடுங்கள். இயக்கப் பெயர்களுக்குரிய ஆட்கள் யார், அவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களா என்று கேளுங்கள். ஒரே இயக்கப் பெயர் பலருக்கு இருந்ததால் அவர் சொல்லும் ஊர்ப்பெயர் மிகவும் முக்கியம். பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இதை ஆர் கொண்டுவந்து தந்தது? சைக்கிளில் கொண்டுவந்த அந்தப் பிள்ளையோ, வைத்தியசாலையில் வைத்துக் கொடுத்துவிட்ட தாதியோ, பக்கத்து ஊர்க் கடைக்காரரோ இன்றைக்கும் இருக்கலாம். கடிதம் எழுதிய கையை நேரில் கண்டவர் அவர்.